குறுநாடகம் தேடுகிறவர்களுக்கு: எதை எடுக்கலாம், ஏன்?

"நாலைந்து பேர்தான் இருக்கிறோம், அரை மணி நேரத்தில் முடியணும், செட்டுக்குக் காசு கிடையாது, புதுசா ஒரு நாடகம் சொல்லுங்க." நாடகம் வாசிக்கிற பழக்கம் உள்ள யாரிடமும் அடிக்கடி வந்து சேரும் கேள்வி இது. கல்லூரிக் குழுக்கள் கேட்கும், வார இறுதியில் கூடி உரக்க வாசிக்கும் நண்பர் வட்டங்களும் கேட்கும். நிமிடக் கணக்கை மட்டும் வைத்துத் தேடினால் குறுநாடகங்கள் மலைமலையாகக் கிடைக்கும். ஆனால் பெரும்பாலும் ஒரே அச்சு. ஒரு பெஞ்சு, இரண்டு பேர், கொஞ்சம் பேச்சு, கடைசி வரியில் ஒரு திருப்பம். திருப்பம் தெரிந்துவிட்டால் அப்புறம் அதில் ஒன்றும் இல்லை. ஒத்திகைக்கு வருகிறவர்களோ அதே பிரதியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டும். மூன்றாம் நாளே சலிப்புத் தட்டிவிடும்.

குறுநாடகத்தைத் தேர்ந்தெடுக்க நான் பார்ப்பது வேறொன்று: இந்த நாடகம் தனக்கென்று என்ன விதி வைத்துக்கொண்டிருக்கிறது? பெரிய நாடகத்துக்குக் கதையே போதும். பாத்திரங்கள் வளரவும் சிக்கல் முற்றவும் அங்கே நேரம் இருக்கிறது. இருபது நிமிடத்தில் அதெல்லாம் நடக்காது. அதனால் நல்ல குறுநாடக ஆசிரியர் மேடையில் ஒரு விளையாட்டைத் தொடங்குகிறார். அதன் விதியைப் பார்வையாளருக்கு இரண்டு நிமிடத்தில் புரியவைக்கிறார், மிச்ச நேரத்தில் அந்த விதியை அது உடையும் எல்லைவரை இழுக்கிறார். விதி இல்லாத குறுநாடகம் பெரிய நாடகத்திலிருந்து கிழித்தெடுத்த பக்கம் மாதிரிதான் இருக்கும்.

இதற்குச் சரியான உதாரணம் பிரிட்டிஷ் நாடகாசிரியர் கேரில் சர்ச்சில். 1938இல் பிறந்தவர். முழுநீள நாடகங்களில் பெயர் வாங்கிய பிறகு, வயது ஏற ஏற நாடகத்தைச் சுருக்கிக்கொண்டே வந்தவர். 1997இல் வந்த 'ப்ளூ ஹார்ட்' இரண்டு குறுநாடகங்கள் சேர்ந்தது. அதில் முதலாவது 'ஹார்ட்ஸ் டிசையர்'. ஆஸ்திரேலியாவிலிருந்து மகள் வரப்போகிறாள். அப்பா பிரையன், அம்மா ஆலிஸ், அத்தை மெய்ஸி மூவரும் சமையலறையில் காத்திருக்கிறார்கள். பிரையன் சிவப்பு ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே உள்ளே வருகிறார். "என்ன, இவ்வளவு நேரம் ஆக்குகிறாள்" என்கிறார். ஆலிஸ் ஏதோ பதில் சொல்கிறாள். சட்டென்று எல்லாம் நிற்கிறது. மறுபடி முதலிலிருந்து. இப்போது அவர் மாட்டிக்கொண்டு வருவது ட்வீட் கோட்டு, வசனம் அதேதான். அடுத்த முறை பழைய கார்டிகன். கொஞ்சம் கொஞ்சமாகக் காட்சி முன்னே நகர்கிறது. எங்கோ தடுக்குகிறது, மறுபடி தொடக்கத்துக்கே ஓடுகிறது.

இவ்வளவுதான் விதி. அப்புறம் சர்ச்சில் அதை வைத்து ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே! ஒரு முறை துப்பாக்கிக்காரர்கள் புகுந்து எல்லாரையும் சுட்டுத்தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஒரு முறை சின்னப் பிள்ளைகள் கூட்டமாக ஓடிவந்து மேடையைச் சுற்றுகிறார்கள். ஒரு முறை பத்தடி உயரப் பறவை ஒன்று வருகிறது. ஒரு முறை மொத்தக் காட்சியும் அதிவேகத்தில் ஓடுகிறது, ஒரு முறை வசனங்களின் கடைசிச் சொற்கள் மட்டும் கேட்கின்றன. பார்வையாளர் முதலில் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் இந்த வீட்டின் நிலைமை புரியும். கணவன் மனைவிக்கு நடுவே ஆண்டுக்கணக்கில் சேர்ந்த கசப்பும், குடித்துவிட்டு உள்ளே நுழையப் பார்க்கும் மகனும் அந்தச் சிரிப்புக்குள்ளேயே இருக்கின்றன. மகள் வந்து சேரும்போது அப்பா மனதில் உள்ளதைச் சொல்ல வாயெடுப்பார். வாக்கியம் முடியாது. மறுபடி முதல் வரி.

நடிகர்களுக்கு இது கடுமையான பயிற்சி. ஒரே வசனத்தை அதே தொனியில், அதே இடத்தில் நின்று, அரை நொடி பிசகாமல் திரும்பச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். உணர்ச்சிவசப்பட்டு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக நடித்தால் நாடகம் போயே போச்சு. பறவைக்கு என்ன செய்வது என்று கேட்காதீர்கள். நம்ம ஊரில் பொய்க்கால் குதிரையும் மயிலாட்டமும் கட்டுகிற கை எத்தனையோ இருக்கிறது. 'ப்ளூ ஹார்ட்'டின் இரண்டாவது நாடகத்தில் வசனங்களுக்குள் தொடர்பில்லாத இரண்டு சொற்கள் நோய்க்கிருமி போலப் புகுந்து கடைசியில் பேச்சையே தின்றுவிடும். அதைத் தமிழில் கொண்டுவருவது பெரிய பாடு. முதல் நாடகத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி.

2000இல் வந்த 'ஃபார் அவே' ஒரு மணி நேரத்துக்கும் குறைவு. இதன் முதல் காட்சியை நடிப்புப் பயிலரங்குக்கு நான் கண்ணை மூடிக்கொண்டு பரிந்துரைப்பேன். இரவு. தூக்கம் வராமல் ஜோன் என்ற சிறுமி அத்தையிடம் வருகிறாள். வெளியே ஏதோ கத்தியது என்கிறாள். ஆந்தை என்கிறாள் அத்தை. நான் வெளியே போய்ப் பார்த்தேனே என்கிறாள் சிறுமி. தரையில் ரத்தம் இருந்ததே? நாய் அடிபட்டது. லாரியில் ஆட்கள் இருந்தார்களே? மாமா அவர்களைக் காப்பாற்றுகிறார். காப்பாற்றுகிறவர் ஏன் இரும்புக் கம்பியால் அடித்தார்? அதற்கும் ஒரு பதில் வருகிறது. ஒவ்வொரு பொய்யையும் சிறுமி தாங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைப் போடுகிறாள், அத்தை அதைவிடப் பெரிய பொய்யைத் தேடுகிறாள். கடைசியில் சிறுமியையும் அந்தப் பொய்யில் ஒரு பங்காளி ஆக்கிவிடுகிறாள். இரண்டு பேர், ஒரு மேசை, சில நிமிடம். மேடையில் யாரும் குரல் உயர்த்த வேண்டியதில்லை.

அடுத்த பகுதியில் ஜோன் வளர்ந்துவிட்டாள், தொப்பி செய்யும் பட்டறையில் வேலை. கூட வேலை செய்யும் டாட் என்பவனோடு சேர்ந்து சம்பளம், வேலைநிலைமை பற்றியெல்லாம் பேசுகிறாள். தொப்பிகள் நாளுக்கு நாள் பிரம்மாண்டமாகின்றன. அவை எதற்கு என்பது பிறகுதான் தெரியும்: சாகடிக்கக் கூட்டிப்போகும் கைதிகள் அவற்றை அணிந்து ஊர்வலமாக நடக்கிறார்கள். இங்கே சர்ச்சில் ஒரு குறும்பு செய்கிறார். ஊர்வலத்தில் ஐந்து பேர் ரொம்பக் குறைவு, பத்தைவிட இருபது தேவலை, நூறு? என்கிற தோரணையில் குறிப்பு எழுதிவைக்கிறார். நான்கு பேர் நாடகம் என்று நம்பி எடுத்தவர்கள் இங்கே ஆடிப்போவார்கள். ஆனால் கல்லூரிக் குழுவுக்கு இது வசதி. வசனம் பேசத் தயங்குகிற அத்தனை பேரையும் தொப்பியோடு மேடையேற்றிவிடலாம். கடைசிப் பகுதியில் உலகமே போரில் இறங்கியிருக்கிறது. பூனைகள் பிரெஞ்சுக்காரர் பக்கம், ஆறு யார் பக்கம் என்று தெரியாது. முதல் காட்சியில் ஒரு வீட்டுக்குள் சொன்ன சமாதானம் இங்கே உலக அளவுக்கு வளர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு வந்தவற்றில் 'எ நம்பர்' (2002) இரண்டே நடிகர்களுக்கானது: ஒரு அப்பா, ஒரு மகன், அவனைப் படியெடுத்து (க்ளோனிங்) உருவாக்கிய மற்ற மகன்கள். மகன்கள் மூவரையும் ஒரே நடிகர் செய்ய வேண்டும். லண்டன் ராயல் கோர்ட் அரங்கில் முதலில் நடித்தவர்கள் மைக்கேல் கேம்பனும் டேனியல் கிரெய்கும். 'ஹியர் வீ கோ' (2015) சாவைப் பற்றியது. இழவு வீட்டுப் பேச்சில் தொடங்கும், இடையிடையே ஒவ்வொருவரும் பார்வையாளர் பக்கம் திரும்பித் தான் எப்போது, எப்படிச் சாகப்போகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேச்சைத் தொடர்வார்கள். கடைசிப் பகுதியில் வசனமே இல்லை. ஒரு முதியவருக்குப் பராமரிப்பவர் உடை மாற்றுகிறார், மறுபடி பழைய உடைக்கு மாற்றுகிறார், மறுபடி. காட்சி எவ்வளவு நேரம் நீள்கிறதோ அவ்வளவு நேரமும் அதேதான். வீட்டில் படுத்த படுக்கையாய் யாரையாவது பார்த்துக்கொண்டவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். 'வாட் இஃப் இஃப் ஒன்லி' 2021இல், அவருக்கு 83 வயதில் மேடையேறியது. ஏறக்குறைய இருபது நிமிடம். துணையை இழந்த ஒருவர் முன்னால், நடக்காமலே போன எதிர்காலம் ஒரு ஆளாக வந்து நிற்கிறது, தன்னை நடக்கவைக்கச் சொல்லிக் கெஞ்சுகிறது. ஆள் நிறைய இருக்கும் குழுவென்றால் 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' (2012). ஐம்பதுக்கும் மேற்பட்ட குட்டிக் காட்சிகள். எந்த வசனம் யாருடையது என்று பிரதியில் இருக்காது. ஆணா பெண்ணா, எத்தனை பேர், எந்த இடம் எல்லாம் இயக்குநர் பாடு.

இவரைப் போன்ற ஒருவர் ஏன் சின்ன வடிவத்துக்கு வந்தார் என்பதற்கு அவரவர் காரணம் சொல்லலாம். ஆனால் பொதுவாகக் குறுநாடகம் பெருகியதற்குப் பின்னால் கலைக் காரணங்களைவிட அரங்கு நடத்துகிறவர்களின் காரணங்கள் அதிகம். பத்தொன்பதாம் நூற்றாண்டு லண்டனில் பெரிய நாடகம் தொடங்குமுன் ஒரு ஓரங்க நாடகம் போடுவார்கள். இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுத் தாமதமாக வருகிறவர்கள் இருக்கையில் அமரும்வரை அது ஓடும். அந்த வழக்கம் ஒழிந்ததும் ஓரங்க நாடகத்துக்கு வேலை போயிற்று. அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் லூயிவில் நகரத்து ஆக்டர்ஸ் தியேட்டர் 1976இல் புதிய நாடகங்களுக்கென்று ஒரு விழாவைத் தொடங்கியது. பத்து நிமிட நாடகம் என்ற வடிவம் பிற்பாடு அங்கிருந்துதான் பிரபலமானது. பக்கத்துக்கு ஒரு நிமிடம், பத்துப் பக்கம். ஒரே மாலையில் ஏழெட்டு எழுத்தாளர்களைச் சோதித்துப் பார்க்கலாம், தோற்றாலும் நஷ்டம் பத்து நிமிடம்தான். ஸ்காட்லாந்தில் நடக்கும் எடின்பரோ ஃப்ரிஞ்ச் கலைவிழாவின் கணக்கு வேறு. ஒரே அரங்கில் காலையிலிருந்து நள்ளிரவுவரை நாடகம் மாற்றி நாடகம், ஆளுக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம், நடுவில் சாமானை எடுக்கவும் வைக்கவும் சில நிமிடங்கள். அங்கே பிறக்கும் நாடகங்களில் சோபா செட் இருக்காது என்பதில் ஆச்சரியம் என்ன.

தமிழிலும் நவீன நாடகம் சின்ன வடிவத்தில்தான் கால் ஊன்றியது. ந. முத்துசாமியின் 'காலம் காலமாக', 'நாற்காலிக்காரர்' இரண்டும் நீளத்தில் சிறியவை. ஆனால் நம் ஆண்டுவிழா மேடைகளில் குறுநாடகம் என்றால் இன்னும் 'ஸ்கிட்' என்றுதான் அர்த்தம், அதிலும் கருத்து சொல்கிற ஸ்கிட்.

அவசரத்துக்குப் பிறக்கும் குறுநாடகம் ஒரு தனி இனம். ஒரு நிகழ்வு நடக்கிறது, ஆறு மாதம் பொறுத்து முழுநீள நாடகம் எழுதினால் சூடு ஆறிவிடும். 1978இல் தில்லியின் ஜன நாட்டிய மஞ்ச் குழு 'மெஷின்' என்ற வீதி நாடகத்தைப் போட்டது. சைக்கிள் நிறுத்த இடமும் தேநீர்க் கடையும் கேட்ட தொழிலாளர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்த செய்தியிலிருந்து பிறந்தது. பதின்மூன்று நிமிடம். நடிகர்களே உடம்பால் ஓர் இயந்திரமாக மாறி நிற்பார்கள், அதன் சத்தத்தை வாயாலேயே எழுப்புவார்கள். அந்த இயந்திரம் நின்றுபோவதுதான் தொடக்கம். அந்தக் குழுவின் சஃப்தர் ஹாஷ்மி 1989 ஜனவரி முதல் நாள் தில்லிக்கு அருகே வீதி நாடகம் நடத்திக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். நாடகத்தின் நீளத்துக்கும் அது தரும் எரிச்சலுக்கும் சம்பந்தம் இல்லை.

சர்ச்சிலும் இந்த வகையில் ஒன்று எழுதியிருக்கிறார். 2009 ஜனவரியில் காசாவில் போர் நடந்தபோது எழுதி, பிப்ரவரியிலேயே ராயல் கோர்ட்டில் மேடையேறிய 'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்'. பத்து நிமிடம் தாண்டாது. யூதர் வரலாற்றில் ஏழு காலகட்டங்கள், ஒவ்வொன்றிலும் மேடைக்கு வராத ஒரு பெண் குழந்தை, அவளிடம் என்ன சொல்வது என்று பெரியவர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஏறக்குறைய எல்லா வரியும் 'அவளிடம் சொல்லு' அல்லது 'அவளிடம் சொல்லாதே' என்றுதான் தொடங்கும். யார் பேசுவது என்று குறிக்கவில்லை. நுழைவுக் கட்டணம் வாங்காமல், பாலஸ்தீனர்களுக்கான மருத்துவ நிதிக்குப் பணம் திரட்டினால் யார் வேண்டுமானாலும் போடலாம் என்று அறிவித்தார். யூத வெறுப்பு நாடகம் என்று கடும் எதிர்ப்பும் எழுந்தது. மறுப்பாகவே சில குறுநாடகங்கள் எழுதப்பட்டன. 2022இல் ஜெர்மனியில் அவருக்கு அறிவித்த வாழ்நாள் விருதை ரத்து செய்ததற்கும் இந்த நாடகம் ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. வாசிப்புக் குழுவில் இதை எடுத்தால் பத்து நிமிட வாசிப்புக்கு இரண்டு மணி நேர வாக்குவாதம் உறுதி. மறுப்பு நாடகம் ஒன்றையும் சேர்த்து வாசிப்பது நல்லது.

இன்னொரு பிரிட்டிஷ் நாடகாசிரியர் மார்க் ரேவன்ஹில் 2007இல் எடின்பரோவில் காலைச் சாப்பாட்டு நேரத்தில், தினமும் ஒன்றாகக் குறுநாடகங்களை அரங்கேற்றினார். பிறகு 'ஷூட் / கெட் ட்ரெஷர் / ரிப்பீட்' என்று தொகுப்பாக வந்தன. போரும் பயங்கரவாதமும் மேற்கத்திய நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் எப்படி நுழைகின்றன என்பதுதான் எல்லாவற்றின் பொருளும். பெரும்பாலானவற்றுக்கு ஏற்கெனவே புகழ்பெற்ற ஒரு படைப்பின் பெயர். தரம் ஏற்ற இறக்கமாகத்தான் இருக்கும். 'விமன் ஆஃப் ட்ராய்' என்பதை மட்டுமாவது எடுத்துப் பாருங்கள். பெண்கள் கூட்டமாக நின்று, எங்கள்மேல் ஏன் குண்டு போடுகிறீர்கள், நாங்கள் நல்லவர்கள் ஆயிற்றே என்று கேட்கிறார்கள். அந்த 'நல்லவர்கள்' திரும்பத் திரும்ப வர வர, கேட்கிற நமக்கு நெளியும். கூட்டாகப் பேசும் வசனத்தில் பழக விரும்பும் குழுவுக்கு ஏற்றது. 2011இல் பிரிட்டன் அரசு பொதுச்செலவை வெட்டியதற்கு எதிராக 'தியேட்டர் அன்கட்' தொடங்கியபோது, டென்னிஸ் கெல்லி, லூசி கிர்க்வுட், ரேவன்ஹில் உள்ளிட்ட எட்டுப் பேர் எழுதிய குறுநாடகங்களை உரிமைத் தொகை இல்லாமல் நடிக்கக் கொடுத்தார்கள்.

ஒரே ஒரு நல்ல நடிகர்தான் கையில் இருக்கிறார் என்றால் இரண்டு சொல்வேன். டெபி டக்கர் கிரீனின் 'ராண்டம்' (2008). லண்டனில் வாழும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் ஒரு நாள். காலையில் கஞ்சி தீய்கிற வாசனை, தம்பியோடு சண்டை, அலுவலக எரிச்சல். பகலில் போலீஸ் வீட்டுக்கு வருகிறது, தம்பி தெருவில் குத்திக் கொல்லப்பட்டிருக்கிறான். அக்கா, அம்மா, அப்பா, தம்பி எல்லாரையும் ஒரே நடிகை செய்கிறார். சாவுக்குப் பிறகும் அதே உடம்பு, அதே குரல், தம்பியின் பங்கு மட்டும் இல்லை. இன்னொன்று டங்கன் மாக்மிலனின் 'எவ்ரி ப்ரில்லியன்ட் திங்' (2013), ஒரு மணி நேரம். அம்மா தற்கொலைக்கு முயன்றபின், ஏழு வயதுப் பிள்ளை வாழ்வதற்கு ஏற்ற நல்ல விஷயங்களைப் பட்டியல் போடத் தொடங்குகிறது. முதல் இடம் ஐஸ்கிரீமுக்கு. நடிகர் நாடகம் தொடங்குமுன்பே பார்வையாளரிடம் எண் போட்ட சீட்டுகளைக் கொடுத்துவிடுவார். அவர் எண்ணைக் கூப்பிட்டால் சீட்டு வைத்திருப்பவர் உரக்கப் படிக்க வேண்டும். அப்பா, கால்நடை மருத்துவர், காதலி எல்லாம் பார்வையாளர்களிலிருந்தே பிடிக்கப்படுவார்கள். இந்தியாவிலும் ஆங்கிலத்தில் மேடையேறியிருக்கிறது. தெருக்கூத்தில் கட்டியங்காரன் கூட்டத்தைச் சீண்டுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த ஏற்பாடு அந்நியம் இல்லை. தேவைப்படுவது எழுதாத வசனத்துக்கு மறுவசனம் சொல்லத் தெரிந்த நடிகர். தற்கொலை பேசுகிற நாடகம் என்பதால் பார்வையாளருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுவதும் முறை.

அமெரிக்க நாடகாசிரியர் சூசன்-லோரி பார்க்ஸ் 2002 நவம்பரிலிருந்து ஒரு வருஷம் நாளைக்கு ஒரு நாடகமாக எழுதிய '365 டேஸ் / 365 ப்ளேஸ்' இன்னொரு புதையல், கூடவே குப்பையும் உண்டு. சில அரைப் பக்கம்கூட வராது. வரிசையாக வாசிக்காமல் எங்கேயாவது திறந்து வாசியுங்கள். 2015இல் தொடங்கிய 'க்ளைமேட் சேஞ்ச் தியேட்டர் ஆக்‌ஷன்' இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் 50 நாடகாசிரியர்களிடம் காலநிலை பற்றி ஐந்து நிமிட நாடகங்கள் கேட்டு வாங்குகிறது. உரை நிகழ்த்துவது போல எழுதியவற்றைத் தள்ளிவிட்டால் உருப்படியாகச் சில தேறும்.

கடைசியாக உரிமை விஷயம். இதை எல்லாரும் நாடகம் போட்ட பிறகுதான் யோசிக்கிறார்கள். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தொழில்முறை அல்லாத குழு கட்டணம் வாங்காமல் பார்வையாளருக்கு நடித்துக்காட்டுவதை உரிமை மீறலாகக் கொள்வதில்லை. இதை நம்பித்தான் பல கல்லூரிகள் ஓடுகின்றன. ஆனால் மொழிபெயர்ப்பு தனி உரிமை. ஆங்கிலப் பிரதியை அப்படியே நடிப்பதும் தமிழாக்கி நடிப்பதும் சட்டத்தின் கண்ணில் ஒன்றல்ல. டிக்கெட் போட்டாலோ, பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாலோ அந்த விலக்கும் பொருந்தாது. சர்ச்சிலின் நாடகங்களை வெளியிடும் நிக் ஹெர்ன் புக்ஸ் போன்ற பதிப்பகங்களே தொழில்முறை அல்லாத குழுக்களுக்கு அனுமதியும் வழங்குகின்றன. குழு எங்கே இருக்கிறது, எத்தனை காட்சிகள், கட்டணம் உண்டா, எந்த மொழி என்று நான்கு வரியில் எழுதிக் கேட்கலாம். மொழிபெயர்ப்பென்றால் விஷயம் நாடகாசிரியரின் முகவர்வரை போகும், நாளாகும். ஆகவே ஒத்திகைக்கு இடம் பிடிக்கும் முன்பே கடிதத்தை அனுப்பிவிடுங்கள்.